டோனாவூர் அம்மா

1901-ம் ஆண்டு மார்ச் மாதம். நெல்லைச் சீமையில் பண்ணைவிளை என்ற ஊர். காலை வேளையில், ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அங்கிருந்த வெள்ளைக்கார மாதின் வீட்டுக்கு வந்தாள். கிறிஸ்தவப் பெண் ஒருத்தி அவளை அழைத்து வந்திருந்தாள்.

சிறுமிக்குப் பொட்டுக்கட்டிவிட ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. முன்பு ஒரு தடவை அவள் தப்பி, தூத்துக்குடியில் இருந்த தாயிடம் ஓடினாள். தாயோ பயந்துபோய்த் திருப்பி ஒப்படைத்துவிட்டாள். தண்டனையாக, சிறுமியின் பிஞ்சுக் கைகளில் சூடு போட்டார்கள்!

இந்தத் தடவை அவள் வந்து நின்ற இடம், கிறிஸ்தவக் கோவில் வாசல்.

அவளை மடியில் ஏற்றுக்கொண்ட மாதின் பெயர் ஏமி கார்மைக்கேல். வயது 33. திருமணம் ஆகாதவர்.

சால்வைப் பெண்கள்

ஏமி 1867 டிசம்பர் 16-ந் தேதி வட அயர்லாந்தில் பிறந்தார். தந்தை மாவு மில் முதலாளி. ஏமிக்கு 17 வயதாகும்போது அவர் இறந்துவிட்டார்.

பெல்ஃபாஸ்ட் நகர ஆலைகளில் ஏழைப் பெண்கள் வேலை செய்தனர். தொப்பி வாங்கக் காசு கிடையாது. தலையில் சால்வையைப் போர்த்திக்கொள்வார்கள். அந்தக் கோலத்தில் கோவிலுக்கு வந்தால் பெரிய வீட்டுக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. ஏமி என்ன செய்தார்? அவர்களுக்கென்றே தனியாகத் தகரத்தில் ஒரு கூடம் எழுப்பினார்!

1895-ல் இந்தியாவுக்கு வந்தார். வாக்கர் பாதிரியாரிடம் தமிழ் படித்தார். சேலை உடுத்திக்கொண்டார். மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சென்று பிரசங்கம் செய்தார். அந்தச் சிறுமி வந்த பிறகு அவரது வாழ்க்கையே திசை மாறியது.

யார் பார்ப்பது?

அடைக்கலம் தேடி மேலும் குழந்தைகள் வந்தனர். 1904-ல், பிறந்து சில நாளே ஆன பச்சிளங் குழந்தையைப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்து சேர்த்தார். எந்த ஊரில் எந்தக் குழந்தைக்கு ஆபத்து என்பது வெள்ளைக்காரருக்கு எப்படித் தெரியும்? ஊர் ஊராக இருந்த சபையார்தான் துப்புக் கொடுத்தார்கள்.

ஆனால் குழந்தையைக் கொண்டுவந்து கொடுப்பது ஒரு நாள் வேலை. இரவு பகலாகப் பாலூட்டி, மலம் கழுவி, காய்ச்சலில் கண்விழிக்க யார் இருக்கிறார்கள்? சபைப் பெண்களில் பலர் இதை ஆயா வேலை என்று எண்ணி ஒதுங்கினர். பிரசங்கத்தை விட்டுத் தொட்டில் ஆட்டுவதா என்று சக மிஷனெரிகளும் குறை சொன்னார்கள்.

முன்வந்தவர் பொன்னம்மாள். இளம் விதவை. ஏமியோடு ஊர் ஊராகச் சென்ற பெண்களில் ஒருவர். டோனாவூரில் அப்போது டாக்டர் இல்லை. ஆகவே நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு அருகில் குழந்தைகளுக்கு ஒரு வீடு பிடித்தார்கள். பொறுப்பு பொன்னம்மாளுக்கு. வயிற்றுக்கடுப்பு நோய் பரவிப் பல குழந்தைகள் இறந்தபோதும் அவர் இடத்தை விட்டு நகரவில்லை. 1915-ல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. ஏமியின் பெயர் உலகமெங்கும் தெரியும். பொன்னம்மாளின் பெயரைத்தான் நம்மவர்களே மறந்துவிட்டார்கள்!

அக்கா, சித்தி, அண்ணாச்சி

டோனாவூரில் பெரிய கொட்டடி போட்டுக் குழந்தைகளை அடைக்கவில்லை. சிறு சிறு வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் சில குழந்தைகள், அவர்களை வளர்க்க ஓர் அக்கா. அயல்நாட்டிலிருந்து வந்த பெண்கள் சித்தி. ஆண்கள் அண்ணாச்சி. ஏமிதான் அம்மா!

யாருக்கும் சம்பளம் இல்லை. சாப்பாடு, துணி, வீடு எல்லாம் பொதுவில் கிடைத்தன. பணம் கேட்டு ஏமி யாரிடமும் கை நீட்டியதில்லை. தாமாக வந்த காணிக்கையில் குடும்பம் நடந்தது. 1918 முதல் ஆண் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டார்.

பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் வந்தது. அதற்குள் டோனாவூரில் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது.

கட்டிலில் இருபது ஆண்டு

1931-ல் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்வையிடப் போனார் ஏமி. அந்தி நேரம். தோண்டிக் கிடந்த குழி கண்ணுக்குத் தெரியவில்லை. விழுந்து கால் முறிந்தது. அதன்பின் அவர் முழுமையாகக் குணமடையவே இல்லை. கட்டிலில் இருந்தபடியே புத்தகங்கள் எழுதினார். அங்கிருந்தே வீடுகளின் வேலைகளையும் கவனித்தார். அவரால் வளர்ந்த பெண்களில் சிலர், இப்போது அக்காக்களாகிக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

1951 ஜனவரி 18-ந் தேதி டோனாவூரில் உயிர் பிரிந்தது. 1895-ல் வந்தவர் ஒரு தடவைகூடச் சொந்த ஊருக்குத் திரும்பவில்லை. கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார். பறவைகள் நீர் அருந்த ஒரு கல்தொட்டியை அங்கே வைத்து, அதில் ‘அம்மா’ என்று பொறித்தார்கள்.