உலகம் தாண்டிப் போன கட்டுரை: சம்பு நாத் டே

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு லிட்டரேச்சர் சர்வே பண்றப்ப முதல்ல எதைப் பார்ப்பீங்க? கூகுள் ஸ்காலர்ல ஒரு கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்காங்கன்னுதானே? எண்ணிக்கை ரெண்டோ மூணோ இருந்தா அடுத்ததுக்குத் தாவிடுவோம். அப்படி உலகமே கொஞ்ச காலம் தாண்டிப் போன ஒரு கட்டுரையையும், அதை எழுதிய மனிதரையும் பற்றித்தான் இது.

முதல்ல எங்க தொண்டிப் பக்கம் வாங்க. கோபம் வந்தால் பேதியில போவ என்று திட்டுவது இந்தக் கரையில இன்னும் உண்டு. அந்தத் திட்டுக்குப் பின்னால் காலரா இருக்கு. தொண்டியிலிருந்தும் பாம்பனிலிருந்தும் தோணி ஏறி இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளில் வழியிலேயே காலராவுக்குப் பலியானவர்கள் ஏராளம். பிறகு ஆட்களைக் கடல் தாண்ட விடுவதற்கு முன் தடுத்து வைத்துப் பார்க்க மண்டபத்தில் முகாம் போட்டார்கள். ராமேஸ்வரம் ரயிலில் போனால் 'மண்டபம் கேம்ப்' ஸ்டேஷன் வருமே, அந்த கேம்ப் இதுதான்.

இந்த நோயின் கிருமியை 1884-இல் கல்கத்தாவில் வைத்து உறுதி செய்தவர் ராபர்ட் கோக். கிருமி ஏதோ விஷத்தைக் கக்குகிறது என்று அவர் சந்தேகப்பட்டார். அது நிரூபணமாக 75 வருஷம் ஆனது. நிரூபித்ததும் அதே கல்கத்தாவில்தான்.

சம்பு நாத் டே 1915 பிப்ரவரி 1 அன்று வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் கரிபாட்டி என்ற கிராமத்தில் பிறந்தார். வசதி இல்லாத குடும்பம்; ஸ்காலர்ஷிப்பில் படித்து கல்கத்தா மெடிக்கல் காலேஜில் டாக்டரானார். 1947-இல் லண்டன் போய் ராய் கேமரனிடம் ஆராய்ச்சி செய்து, 1949-இல் பிஎச்.டி. முடித்தார். அங்கே அவர் எடுத்துக்கொண்டது காலரா இல்லைங்க, மூளை. மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் நுரையீரலில் எப்படி நீர் கோத்துக்கொள்கிறது என்று கேமரனும் அவரும் 1949-இல் எழுதிய கட்டுரையை, தலையில் அடிபட்டவர்களின் மூச்சுத்திணறல் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

ஊர் திரும்பியதும் காலராவைப் பிடித்தார். அதுவரை மற்றவர்கள் கிருமியை விலங்கின் ரத்தத்திலும் வயிற்றறையிலும் ஊசியால் ஏற்றிப் பார்த்தார்கள். விலங்கு செத்தது, ஆனால் பேதி வரவில்லை. டே யோசித்தது ரொம்ப சிம்பிள்: நோய் குடலில்தானே நடக்குது, அங்கேயே பார்ப்போம். முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் நூலால் கட்டி, நடுவில் கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அந்தத் துண்டு அரிசி கழுவிய தண்ணி மாதிரி நீர் நிறைந்து புடைத்திருந்தது. இதைச் சட்டர்ஜியோடு சேர்ந்து 1953-இல் வெளியிட்டார். பிறகு கிருமியை வளர்த்த திரவத்தை வடிகட்டி, ஒரு கிருமிகூட இல்லாத வடிநீரை மட்டும் செலுத்தினார். அப்பவும் புடைத்தது! ஆக, ஆளைக் கொல்வது கிருமி வெளியே விடும் விஷம். 1959 மே மாதம் 'நேச்சர்' இதழில் வந்தது. மொத்தம் ரெண்டே பக்கம்.

நூல், முயல், வடிகட்டி. நம்ம லேப்ல இல்லாத எதுவும் அதில் இல்லை (முயலைத் தவிர).

அதுக்கு அப்புறம் பெரிய சத்தமே இல்லை. விஷத்தைச் சுத்தமாகப் பிரித்தெடுத்தது 1969-இல் அமெரிக்காவில், ஃபிங்கல்ஸ்டீனும் லோஸ்பல்லூட்டோவும். டே 1973-இல் பணி ஓய்வு பெற்றார். நோபல் பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் ஒரு முறைக்கு மேல் அவர் பெயரை நோபலுக்குப் பரிந்துரைத்தார். 1978-இல் ஸ்டாக்ஹோமில் காலரா பற்றி நடந்த நோபல் கருத்தரங்குக்கு அவரைக் கூப்பிட்டார்கள். நம் நாட்டு அறிவியல் அகாடமிகளில் ஒன்றுகூட அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. எனக்கு இது இன்னும் ஜீரணிக்கவில்லை. 1985 ஏப்ரல் 15 அன்று இறந்தார்.

மறு வருஷம் யூஜின் கார்ஃபீல்டு ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். யார் இவர் தெரியுமா? யார் யாரை மேற்கோள் காட்டினார்கள் என்று கணக்கெடுக்கும் முறையையே ஒரு தொழிலாக்கியவர்; இன்று நாம் பார்க்கும் சைட்டேஷன் எண்களுக்கெல்லாம் தாத்தா. காலரா ஆராய்ச்சியில் எந்தக் கட்டுரை எந்தக் கட்டுரையிலிருந்து கிளைத்தது என்று அவர் வரைபடம் போட்டால், வேரில் டே நின்றார். அந்த 1959 கட்டுரை வந்த புதிதில் அதைச் சீந்தியவர்கள் குறைவு என்பதையும் அதே கணக்குதான் காட்டியது. ஐந்தாம் வருஷம் எடுத்த எண்ணும் இருபத்தைந்தாம் வருஷம் எடுத்த எண்ணும் ஒரே கட்டுரையைப் பற்றி வேறு வேறு தீர்ப்பு சொல்லுது. நம்ம எச்-இண்டெக்ஸ் சண்டைகள் எல்லாம் பெரும்பாலும் ஐந்தாம் வருஷத்தில்தான் நடக்குதுங்கிறதைக் கவனிச்சுக்கோங்க.

1990-இல் 'கரண்ட் சயின்ஸ்' அவருக்காகச் சிறப்பிதழ் போட்டது. அவர் போய் ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

தேடிப் பார்க்கிறவங்களுக்கு: டே என்ற பெயரில் ஆயிரம் பேர் வருவாங்க, குழம்பாதீங்க. 'நேச்சர்', தொகுதி 183, பக்கம் 1533. படிக்க பத்து நிமிஷம் போதும்.