சேறு வீசிய தெருவைக் கடந்து பாடம் நடத்திய சாவித்ரிபாய் புலே

பெண் கல்வியின் முன்னோடியாகப் போற்றப்படும் சாவித்ரிபாய் புலே, மகாராஷ்டிரத்தின் சதாரா மாவட்டத்தில் உள்ள நைகாவ் கிராமத்தில் 1831 ஜனவரி 3-ஆம் தேதி பிறந்தார். ஒன்பது வயதில் திருமணம் நடைபெற்றபோது அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கணவர் ஜோதிராவ் புலே வீட்டிலேயே அவருக்குக் கற்பித்தார்.

1848-இல் புணேயின் பிடே வாடாவில் இருவரும் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினர். பெண்களும் ஒடுக்கப்பட்டோரும் கற்பது பாவம் எனக் கருதப்பட்ட காலம் அது. பாடம் நடத்தச் சென்ற சாவித்ரிபாய் மீது தெருவில் சேறும் சாணமும் வீசப்பட்டன. மாற்றுச் சேலையுடன் சென்ற அவர், பள்ளியில் அதனை உடுத்திக்கொண்டு வகுப்பெடுத்தார்.

எதிர்ப்பு வீட்டுக்குள்ளும் நுழைந்தது. ஊராரின் நெருக்குதலுக்கு உள்ளான மாமனார், பள்ளியைக் கைவிட வேண்டும் அல்லது வெளியேற வேண்டும் என்றார். 1849-இல் தம்பதியர் வீட்டைத் துறந்தனர், பள்ளியைத் துறக்கவில்லை. 1851-இன் இறுதியில் அவர்கள் நடத்திய பெண்கள் பள்ளிகள் மூன்றாக உயர்ந்தன.

1897-இல் பிளேக் பரவியபோது, நோயுற்ற சிறுவனைச் சுமந்து சென்று சிகிச்சைக்குச் சேர்த்த சாவித்ரிபாய், அதே நோயால் மார்ச் 10-ஆம் தேதி காலமானார். எந்த நகரின் தெருக்களில் அவமதிக்கப்பட்டாரோ, அந்நகரின் பல்கலைக்கழகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.