கணிப்பொறியில் தமிழ் ஏற்றிய ஆசிரியர்

ஒரு பாஷை வாழ்வதற்கு அதன் மக்கள் அதனைப் புகழ்ந்து பேசினால் மட்டும் போதாது. காலந்தோறும் தோன்றும் புதுக் கருவிகளில் அதனை ஏற்றி வைக்கும் உழைப்பாளிகளும் வேண்டும். பொருநை கடலோடு கலக்கும் புன்னைக்காயலில் தங்கித் தொண்டாற்றிய அண்டிரிக் அடிகளாரின் தமிழ் நூல் 1578-ம் வருஷத்தில் கொல்லத்தில் அச்சேறிற்று. பின்னர் யாழ்ப்பாணத்து முத்தையா தமிழைத் தட்டெழுத்துப் பொறியில் ஏற்றினார். கணிப்பொறியில் ஏற்றியவர்களுள் முன்வரிசையில் எண்ணத் தக்கவர் சிங்கப்பூரின் காலஞ்சென்ற ஸ்ரீ நா. கோவிந்தசாமி.

1946-ம் வருஷத்தில் பிறந்த இவர், தொழிலால் ஆசிரியர். உள்ளத்தால் சிறுகதை எழுத்தாளர். பள்ளி ஆசிரியராயிருந்து, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளராக உயர்ந்தார். தாம் கற்பிக்கும் பாஷை நாளைய பொறியில் இடம் பெறாவிட்டால், மாணாக்கர் அதனை வீட்டுக்குள் பேசும் பாஷையாகவே எண்ணி ஒதுக்கிவிடுவர் என்பதை ஆசிரியராகிய அவர் உணர்ந்திருந்தார்.

இடையூறு சிறிதன்று. இருபத்தாறு ஆங்கில எழுத்துக்களைக் கருதி அமைந்த பலகையில் நமது 247 எழுத்துக்களை அடக்க வேண்டும். அதனினும் பெரிய கேடு நம்மவரிடையே விளைந்தது. எழுத்துரு செய்தோர் ஒவ்வொருவரும் எழுத்துக்களுக்குத் தத்தம் மனம்போல் எண் கொடுத்தனர். ஒருவர் பொறியில் எழுதிய கடிதம் மற்றொருவர் பொறியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றிற்று. கையில் பொறி இருந்தும் தமிழர் ஒருவருக்கொருவர் எழுத முடியாத நிலை இது!

ஸ்ரீ கோவிந்தசாமி வெளிநாட்டுக் கம்பெனிகளின் தயவை எதிர்நோக்கிக் காத்திருக்கவில்லை. 'கணியன்' என்னும் முறையைத் தாமே வகுத்தார். மெய்யும் உயிரும் ஒன்றன்பின் ஒன்றாய் அழுத்தினால் உயிர்மெய் தானே அமைதல் வேண்டும் என்னும் நெறி, நமது இலக்கணத்திலேயே உள்ளதன்றோ? சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்து டாக்டர் டான் டின் வீயுடன் சேர்ந்து, 1995-ல் அந்நாட்டின் நான்கு பாஷைக் கவிதைகளையும் உலகவலையில் ஏற்றினார். சீனம், மலாய், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் அதில் சம ஆசனம் பெற்றது. 'இணையம்' என்ற சொல்லை வழங்கியவரும் இவரே என்பர்.

எனினும் ஒருவர் முறை எவ்வளவு நன்றாயினும் பொதுமுறையாகாது. ஆகவே 1997 மே மாதத்தில் சிங்கப்பூரில் தமிழிணைய மாநாடு கூடியது. அதற்கு அவர் முன்னின்று உழைத்தார். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய அடுத்த மாநாடு 'தமிழ்99' என்னும் பொதுப் பலகைக்கு வழி வகுத்தது. அதன் பயன் நாடெங்கும் பரவுமுன், அவ்வாண்டு மே 26-ம் தேதி, தமது 53-ம் வயதில் அவர் காலமானார். மறு வருஷம் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. 2010-ல் தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்றது.

இன்று முக்கூடலில் ஒரு மாணவன் கைப்பேசியில் தமிழில் எழுத, டொராண்டோவிலிருக்கும் அவன் மாமன் அதனை எழுத்துப் பிசகாமல் படிக்கிறார். இருவரும் கோவிந்தசாமியின் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். அதனால் குறைவில்லை, ஆற்றில் நீர் மொண்டு குடிப்பவன் கால் வெட்டியவனை விசாரிப்பதில்லை. ஆனால் பொதுப்பணியில் ஈடுபட்டோர் விசாரித்தல் கடமை. பழைய எழுத்துருக்களில் அடைபட்டுத் தேடவும் படிக்கவும் இயலாதிருக்கும் நூல்களும் பத்திரங்களும் இன்னும் பலவுண்டு. அவற்றைப் பொதுமுறைக்கு மாற்ற ஊருக்குப் பத்துப் பேர் முன்வரட்டும். மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்குவது எளிது. அவர் நினைவுக்குச் செய்யத்தக்க மரியாதை இந்த உழைப்பேயாகும்.