தாயின் கணக்கு: உழவர்களுக்கு ஜே.சி. குமரப்பா விட்டுச் சென்றது

மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாக ராஜபாளையம் போகும் சாலையில் நீங்கள் பலமுறை போயிருப்பீர்கள். வழியில் டி.கல்லுப்பட்டி வரும். அங்குள்ள காந்திநிகேதன் ஆசிரமத்தில், ஒரு சிறு குடிலில், தன் கடைசி ஆண்டுகளைக் கழித்தார் ஒரு முதியவர். லண்டனில் கணக்காயர் படிப்பு, நியூயார்க்கில் பொருளாதாரப் படிப்பு, பம்பாயில் சொந்தத் தணிக்கை நிறுவனம் என்று வாழ்ந்தவர் அவர். பணக் கணக்கை அவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்த மனிதர்தான், பணத்தை வைத்து மட்டும் எதையும் அளக்காதீர்கள் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்தான் ஜே.சி. குமரப்பா.

தஞ்சாவூரில் 1892 ஜனவரி 4 அன்று பிறந்தார். கிறிஸ்தவக் குடும்பம். பெற்றோர் வைத்த பெயர் ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ். அப்பா அரசுப் பொதுப்பணித் துறையில் அதிகாரி. வீட்டில் நேரந்தவறாமையும் கண்டிப்பும் அதிகம். அம்மா எஸ்தர் ராஜநாயகம் ஏழைகளுக்குக் கொடுப்பதைப் பிள்ளைகளுக்குப் பழக்கமாக்கியவர். இரண்டு குணமும் மகனிடம் கடைசிவரை இருந்தன.

லண்டனில் படித்துத் திரும்பி, பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தியபோது அவர் முழு ஆங்கிலேய உடைக்காரர். 1927-ல் அமெரிக்கா போனார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் செலிக்மன் அவருடைய ஆசிரியர். இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று ஒரு தேவாலயத்தில் இவர் பேசிய பேச்சு பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்த ஆசிரியர், அந்த விஷயத்தையே ஆராயச் சொல்லிவிட்டார். ஆங்கிலேய அரசின் வரவு செலவுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார் குமரப்பா. குடியானவரிடம் வாங்கும் வரி எங்கே போகிறது என்று பார்த்தபோது, ராணுவத்துக்கும் கடன் வட்டிக்கும் அதிகாரிகளின் சம்பளத்துக்கும் போனதுதான் தெரிந்தது. கிராமத்துக்குத் திரும்பியது சொற்பம். அதுவரை ஆங்கில ஆட்சியைப் பற்றிப் பெரிதாக வருத்தம் இல்லாதிருந்த மனிதரைத் திருப்பிவிட்டவை அந்தக் கணக்கேடுகள்தான். பேச்சாலோ உணர்ச்சியாலோ அவர் மாறவில்லை.

அந்த ஆய்வை அச்சிடும் பொருட்டு 1929 மே 9 அன்று சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். பட்டு சூட், கையில் தடி. சொன்ன நேரத்துக்குச் சில நிமிடம் முன்பே வந்துவிட்டார். ஒரு மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில் உட்கார்ந்து ஒரு கிழவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். இவருக்கு ராட்டையைப் பார்த்துப் பழக்கமில்லை. தடியை ஊன்றி நின்று வேடிக்கை பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கிழவரே, நீங்கள்தானே குமரப்பா என்று கேட்ட பிறகுதான், இவர்தான் காந்தி என்று விளங்கியது. விலையுயர்ந்த சூட்டோடு சாணத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆய்வை அச்சிடலாம், அதோடு குஜராத்தில் ஒரு கிராம ஆய்வும் செய்து தர முடியுமா என்று காந்தி கேட்டார். குமரப்பாவுக்குக் குஜராத்தி தெரியாது. ஆனாலும் ஒப்புக்கொண்டார். கேடா மாவட்டம் மாதர் வட்டத்தில், குஜராத் வித்யாபீட மாணவர்களோடு ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு குடும்பத்தின் நிலம், மாடு, கடன், விளைச்சல், செலவு எல்லாவற்றையும் எழுதினார்கள். சாகுபடிச் செலவைக் கழித்தால் பல குடும்பங்களுக்கு மிச்சம் என்று எதுவும் இல்லை. அதன் மேலும் நிலவரி கட்ட வேண்டியிருந்தது. உழவரின் வரவு செலவை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுத வேண்டும் என்று அன்று அவர் காட்டிய வழியில்தான் இன்றும் நல்ல விரிவாக்க அலுவலர்கள் வேலை செய்கிறார்கள்.

1934 ஜனவரி 15-ல் பீகாரில் பெரும் பூகம்பம். ராஜேந்திர பிரசாத் தலைமையில் நிவாரணக் குழு அமைந்தது. நாடெங்கிலுமிருந்து வந்த பணத்துக்குக் கணக்குப் பார்க்கக் குமரப்பா போனார். ஒரு தொண்டருக்கு ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு மூன்று அணா என்று வரம்பு வைத்தார். அந்த நேரத்தில் காந்தியே தன் பரிவாரத்தோடு அங்கு வந்தார். அவருக்குப் பழம், ஆட்டுப்பால், கூட வந்தவர்களுக்கு உணவு, வண்டிக்குப் பெட்ரோல் என்று கணக்கு மூன்று அணாவில் அடங்காது. இந்தச் செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று காந்தியின் செயலாளர் மகாதேவ் தேசாயிடம் சொல்லிவிட்டார். விஷயம் காந்தி காதுக்குப் போனது. அவர் காரணத்தைக் கேட்டார், சரி என்றார்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். அன்பு, உறவு, சேவை என்று பேசுகிறவர்கள் பலர் கணக்கில் ஓட்டையாக இருப்பார்கள். உழவர் குழு, மகளிர் குழு, பாசனச் சங்கம் எதிலாவது பொறுப்பில் இருந்திருந்தால் உங்களுக்கே தெரியும். குழு உடைவது பெரும்பாலும் மனஸ்தாபத்தால் இல்லை, நோட்டில் எழுதாத நூறு ரூபாயால். பிறர் பணத்துக்குக் காட்டும் கண்டிப்புதான் பிறர் மேல் காட்டும் அக்கறை என்று இருந்தவர் குமரப்பா.

அந்த ஆண்டு டிசம்பரில் வார்தாவில் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் தொடங்கியது. அதை நடத்தும் பொறுப்பு இவருக்கு. மகன்வாடி என்ற இடத்தில் மரச்செக்கு, கைக்குத்தல் அரிசி, கைக்காகிதம், தேனீ வளர்ப்பு, பனைவெல்லம், சோப்பு, தாவர எண்ணெயில் எரியும் விளக்கு என்று சோதனைகள் நடந்தன. பனைவெல்லத்தை அவர் தூக்கிப் பிடித்த காரணம் உங்களுக்குப் பிடிக்கும்: கரும்புக்கு நல்ல நஞ்சையும் நிறைய நீரும் வேண்டும், பனை வரப்பிலும் தரிசிலும் தானே நிற்கிறது. இனிப்பைப் பனையிலிருந்து எடுத்துக்கொண்டால் நஞ்சை நெல்லுக்கு மிஞ்சும்.

1942-ல் அவர் தன் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். போருக்காக ஆங்கில அரசு நம் தானியத்தையும் துணியையும் அள்ளிக்கொண்டு, பதிலுக்கு அச்சடித்த காகிதத்தைக் கொடுக்கிறது, அப்பம் கேட்டவனுக்குக் கல்லைக் கொடுப்பது போல என்று. அதற்காகச் சிறை. மறு ஆண்டே வங்காளத்தில் பஞ்சம் வந்து லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். கையில் பணம் இருந்தவர்கள் பிழைத்தார்கள்; நெல்லை விளைவித்த கூலிக் குடும்பங்கள் செத்தன.

ஜபல்பூர் சிறையில் இருந்தபடி அவர் எழுதியதுதான் நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூல். ஏசுநாதரின் போதனை பற்றி ஒரு நூலும் அங்கேயே எழுதினார். இரண்டுக்கும் முன்னுரை எழுதிய காந்தி, இவருக்குக் கிராமத் தொழிலில் ஒரு டாக்டர் பட்டமும் இறையியலில் ஒரு டாக்டர் பட்டமும் தகும் என்று வேடிக்கையும் பாராட்டுமாக எழுதினார்.

அந்த நூலின் அடிப்படையைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். உயிர்கள் பிழைக்கும் வழியை ஐந்து படியாகப் பிரிக்கிறார் குமரப்பா. முதல் படி ஒட்டுண்ணி. ஆட்டைக் கொன்று தின்னும் புலி. நகைக்காகக் குழந்தையைக் கொல்லும் திருடன். கொடுத்ததையே அழித்துவிட்டு எடுப்பது. இரண்டாவது, மாந்தோப்பில் நுழையும் குரங்கு, கூட்டத்தில் ஜேப்படிக்காரன். உயிரை எடுப்பதில்லை, ஆனால் தானாக எதையும் சேர்ப்பதும் இல்லை. மூன்றாவது உழைத்துப் பெறுவது. உழுது, எரு இட்டு, நீர் பாய்ச்சி, விளைந்ததை எடுக்கும் உழவர் இங்கேதான் வருகிறார். நான்காவது தேனீக் கூட்டம். ஒரு தேனீ தனக்கென்று சேர்ப்பதில்லை, கூட்டுக்கு என்று சேர்க்கிறது. மனிதரில் கூட்டுக் குடும்பம் இப்படி. ஐந்தாவது, குஞ்சுக்கு இரை கொண்டுவரும் தாய்ப்பறவை. அந்தக் குஞ்சு நாளை வந்து தன்னைக் காப்பாற்றும் என்று பறவை கணக்குப் போடுவதில்லை. இந்தக் கடைசிப் படியைத்தான் சேவைப் பொருளாதாரம் என்றார். தாயின் பொருளாதாரம் என்றும் சொல்லலாம்.

உழவர் மூன்றாம் படியில்தானா என்று உங்களுக்குக் கோபம் வரலாம். எனக்கும் முதலில் வந்தது. பிறகு யோசித்தேன். மேல் மடைக்காரர் தன் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது மூன்றாம் படி. கடை மடைக்காரரின் பயிர் காய்கிறதே என்று தன் முறையில் பாதியை விட்டுக்கொடுப்பது நான்காவது. கணவனை இழந்த பக்கத்து வயல்காரம்மாவின் நாற்றை, கேட்காமலே நட்டுக் கொடுத்துவிட்டு வருவது ஐந்தாவது. ஒரே ஆள், ஒரே வாரத்தில், மூன்று படியிலும் நிற்க முடியும். யாரும் எப்போதும் ஐந்தாம் படியிலேயே நிற்க வேண்டும் என்று இல்லை. ஒரு ஊரின் ஏற்பாடு மனிதர்களை மேல் படிக்கு இழுக்கிறதா, கீழ்ப் படிக்குத் தள்ளுகிறதா என்பதே குமரப்பாவின் கேள்வி.

பணம் கீழே தள்ளுகிறது என்று அவர் நினைத்தார். காரணத்தை அவர் உணர்ச்சியாகச் சொல்லவில்லை, கணக்கராகச் சொன்னார். விளைபொருள் அழுகும், பணம் அழுகாது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், பத்துக் கூடை தக்காளியோடு விடியற்காலை சந்தையில் நிற்கும் உங்களுக்குப் பத்து மணிக்குள் விற்றாக வேண்டும். நோட்டுக்கட்டோடு நிற்கும் வியாபாரிக்கு நாளையும் நோட்டு நோட்டாகவே இருக்கும். பேரம் தொடங்கும் முன்பே ஒருவர் கை தாழ்ந்துவிட்டது. இன்னொன்று, பணம் கொடுத்து வாங்கும்போது பொருளின் பின்னால் இருக்கும் மனிதர் மறைந்துவிடுகிறார். ஆப்பிரிக்காவில் கொத்தடிமை போல வேலை வாங்கி விளைவித்த கோகோவை வாங்கிக் குடிப்பவருக்கும் அந்தப் பாவத்தில் பங்கு உண்டு என்று எழுதினார். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினால் எப்படியோ அப்படி. ஆகவே யார் விளைவித்தார், எப்படி விளைவித்தார் என்று விசாரித்து அறியக்கூடிய தூரத்துக்குள் நம் தேவைகளை வைத்துக்கொள்ளச் சொன்னார்.

மாட்டு வண்டிக்கு ரப்பர் டயர் போடுவதை எதிர்த்ததும் இதனால்தான். மரச்சக்கரம் செய்யும் தச்சரும் பட்டை போடும் கொல்லரும் உங்கள் ஊர்க்காரர்கள். அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நீங்கள் போவீர்கள். டயருக்குக் கொடுக்கும் பணம் ஊருக்குத் திரும்பாது. இன்று நாம் எல்லாரும் டயர் வண்டிக்கு மாறிவிட்டோம், மாட்டுக்கும் அது சுகம்தான். இதில் அவரோடு முழுக்க ஒத்துப்போக என்னால் முடியவில்லை. ஆனால் ஒவ்வொரு செலவிலும் பணம் எந்தத் திசையில் போகிறது என்று பார்க்கும் அந்தப் பழக்கத்தை விடக்கூடாது.

பயிர்த் திட்டத்திலும் அதே பார்வை. ஒரு லட்சம் மக்கள் வாழும் பகுதிக்கு எவ்வளவு தானியம், பருப்பு, எண்ணெய், வெல்லம், பால், காய், பழம், துணிக்குப் பருத்தி வேண்டும் என்று கணக்கிட்டு, அதற்கு ஏற்ப நிலத்தைப் பிரித்து அட்டவணை போட்டார். ஆளுக்கு நாளொன்றுக்கு 16 அவுன்ஸ் தானியம், 12 அவுன்ஸ் பால் என்று போகிறது அந்தக் கணக்கு. முதலில் அக்கம்பக்கத்தார் வயிறு, பிறகுதான் ஆலைக்கும் ஏற்றுமதிக்கும். மலபாரில் நெல் வயல்கள் சோப்பு ஆலைக்காகத் தென்னந்தோப்பாவதைக் கண்டு கொதித்தார். ரசாயன உரம் மண்ணுக்குப் போதை மருந்து போன்றது என்று அப்போதே எச்சரித்தார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மை ஆகாது. பணம் புழங்காத பழைய கிராமம் அன்பால் மட்டும் ஓடவில்லை. களத்தில் நெல்லாகக் கூலி வாங்கியவர்களில் பலர் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்தவர்கள். அவர்களுக்குக் கையில் வந்த ரொக்கக் கூலிதான் முதல் விடுதலை. பழைய கிராம அமைப்பைக் குமரப்பா சில இடங்களில் சற்றுப் பரிவோடு பார்த்துவிட்டார் என்பது என் எண்ணம். ஆனால் அவர் தாயை உதாரணம் காட்டினார், பண்ணையாரை இல்லை. நிலம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியையும் அவர் தவிர்க்கவில்லை. சுதந்திரத்துக்குப் பின் காங்கிரஸ் அமைத்த வேளாண் சீர்திருத்தக் குழுவுக்கு அவர்தான் தலைவர். 1949-ல் தந்த அறிக்கையில் இடைத்தரகர்களை ஒழித்து உழுபவருக்கு நிலம் சேர வேண்டும், நிலத்துக்கு உச்சவரம்பு வேண்டும், மிகச் சிறு நிலக்காரர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து பயிரிட வேண்டும் என்று பரிந்துரைத்தார். நாடு அதில் கொஞ்சத்தைத்தான் எடுத்துக்கொண்டது.

பதவி எதையும் தேடவில்லை. வார்தா அருகே சேல்டோ என்ற ஊரில் பண்ணை ஆசிரமம் என்று தமிழ்ப் பெயரிட்டு, தன் பயிர்த் திட்டத்தைத் தானே செய்து பார்த்தார். உடல் ஒத்துழைக்கவில்லை. ரத்த அழுத்தமும் முன்கோபமும் அவருக்குப் பழைய தோழர்கள். 1950-களின் நடுவில் டி.கல்லுப்பட்டிக்கு வந்து சேர்ந்தார்.

பூதான நடைப்பயணமாகத் தமிழ்நாட்டுக்கு வந்த விநோபா பாவே, அவரைக் குடிலில் பார்க்கப் போனார். உள்ளே காந்தி படம் இருந்தது. கூடவே ஒரு ஏழைக் கிராமத்தவரின் படமும் இருந்தது. இவர் யார் என்று விநோபா விசாரித்தார். காந்தியைத் தன் எஜமானர் என்று காட்டிய குமரப்பா, மற்றவரைத் தன் எஜமானருக்கு எஜமானர் என்று அறிமுகம் செய்தார்.

1960 ஜனவரி 30 அன்று, காந்தி இறந்த அதே தேதியில், குமரப்பா காலமானார். வயது 68. திருமணம் செய்துகொள்ளவில்லை. டி.கல்லுப்பட்டி ஆசிரமம் இன்றும் அதே சாலையோரத்தில் இருக்கிறது. அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் இறங்கிப் பாருங்கள்.