கறுப்பு சுவிட்சின் கதை!

பழைய வீடுகளில், கறுப்பு நிற மின் சுவிட்சைப் பார்த்திருப்பீர்கள். அது, 'பேக்கலைட்' என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. மின்சாரத்தைத் தடுத்து, நம் கையைக் காப்பாற்றும். இதை உருவாக்கியவர், லியோ பேக்லாந்து.

பெல்ஜியம் நாட்டின் கென்ட் நகரில், 1863 நவம்பர் 14ல் பிறந்தார். அப்பா, செருப்புத் தைக்கும் தொழிலாளி. அம்மா, வீட்டு வேலை செய்தவர். ஏழ்மையிலும் நன்றாகப் படித்து, 21வது வயதிலேயே டாக்டர் பட்டம் பெற்றார் லியோ.

1889ல் அமெரிக்கா சென்றார். அங்கு, ஒரே நேரத்தில் பல ஆய்வுகளைத் தொடங்கித் திண்டாடினார். நோயும் வந்தது, கடனும் சேர்ந்தது. படுக்கையில் கிடந்தபடி யோசித்தவர், இனி ஒரே வேலையில்தான் கவனம் செலுத்துவது என முடிவு செய்தார். அப்படிப் பிறந்ததுதான், புகைப்படம் அச்சிட உதவும், 'வெலாக்ஸ்' தாள். 1899ல் ஈஸ்ட்மேன் கோடக் நிறுவனம், பெரும் தொகை கொடுத்து அதை வாங்கியது.

பணம் வந்தும் அவர் ஓயவில்லை. அந்நாளில், மின் கருவிகளின் கம்பிச் சுருளுக்குக் காப்பாக அரக்கு பூசுவர். அரக்குப் பூச்சி தரும் பொருள் அது. நம் நாட்டில் இருந்தும் கப்பலில் சென்றது. விலை அதிகம். எனவே, மாற்று தேடினார்.

ஃபீனாலையும், ஃபார்மால்டிஹைடையும் சேர்த்தால், கெட்டிப் பிசின் உருவாகும். பாத்திரம் பாழாகிறதே என்று, முன்பு பலரும் அதைக் கைவிட்டனர். பேக்லாந்தோ, சூட்டையும், அழுத்தத்தையும் மாற்றி மாற்றிச் சோதித்தார். 1907ல் வெற்றி பெற்றார்.

தனிப் பிசின் எளிதில் உடையும். அதனால் மரத்தூள் கலந்தார், உறுதியானது. கலக்கும் பொருள் மாறினால், குணமும் மாறும். அவருக்குப் பின் வந்தவர்கள், இதே வகைப் பிசினில் கிராஃபைட் என்னும் கரித்தூளை நிறையக் கலந்தனர். என்ன ஆச்சரியம்... மின்சாரத்தைத் தடுத்த பிசின், மின்சாரத்தைக் கடத்தியது!

எப்படி? மைதானத்தில் நாலைந்து பேர் நின்றால், கைகள் எட்டாது. கூட்டம் சேர்ந்தால், இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை கைகோத்து விடலாம். கரித்துகள்களும் அப்படித்தான். குறைவாக இருந்தால் மின்சாரம் போகாது. குறிப்பிட்ட அளவைத் தாண்டி, ஒன்றையொன்று தொட்டதும், சட்டென்று பாயும். சூடு கடத்துவது மட்டும், கரி கூடக் கூட மெல்ல மெல்ல உயரும். ஹைட்ரஜனில் இருந்து மின்சாரம் எடுக்கும் கலன்களில், இத்தகைய தகடுகள் பயன்படுகின்றன.

1944 பிப்ரவரி 23ல், 80வது வயதில் பேக்லாந்து மறைந்தார். மற்றவர்கள் கைவிட்ட பிசினை, அவர் விடாமல் ஆராய்ந்தார். சோதனை ஒருமுறை தவறினால், நீங்களும் உடனே கைவிடாதீர்கள்!