நம் கடற்கரை வரை அளந்து வந்த லாம்டன்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்

இராஜாக்கமங்கலம் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், நாகர்கோவிலுக்குத் தென்மேற்கே, கடலை ஒட்டி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே என்று சொல்லிவிடுவோம். இந்திய நில அளவைத் துறையிடம் கேட்டால் விடை வேறு விதமாக வரும். 58 எச்/8 என்பது அந்த விடை. வடக்கே 8 பாகை முதல் 8 பாகை 15 கலை வரையிலும், கிழக்கே 77 பாகை 15 கலை முதல் 77 பாகை 30 கலை வரையிலும் உள்ள நிலம் முழுவதும் அந்த ஒரே தாளில் அடங்கிவிடுகிறது. நாகர்கோவில், ஈத்தாமொழி, முட்டம், இராஜாக்கமங்கலம் துறை எல்லாம் அதில்தான்.

அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவில் வரையப்பட்ட பழைய தாளின் நகல் ஒன்றை வைத்துக்கொண்டு விடுமுறை நாட்களில் நம் ஊர்ப்புறங்களைச் சுற்றிப் பார்ப்பது ஒரு தனி இன்பம். பிற்காலத் தாள்களில் இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவிட்டு, பிறகு நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். தாளில் நீலமாகக் கிடக்கும் குளம் தரையில் வீட்டுமனையாகக் கிடக்கும். தாளில் ஒற்றைக் கோடாகப் போகும் வண்டிப்பாதை இன்று பேருந்து ஓடும் சாலை. உயரக் கோடுகளோ கடற்கரையை நெருங்க நெருங்க அருகிவிடுகின்றன. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று கடல் ஏறி வந்தபோது நம் கரையோர ஊர்கள் ஏன் அப்படித் தவித்தன என்பதை அந்த வெற்றிடமே ஓரளவு சொல்லிவிடுகிறது.

இத்தாள்களில் அங்கங்கே சிறு முக்கோணமும் அதன் நடுவில் ஒரு புள்ளியும், பக்கத்தில் உயரத்தைக் காட்டும் எண்ணும் இருக்கும். பார்ப்பவர்கள் அதைக் கோயில் குறியென்றோ மேட்டுக் குறியென்றோ எண்ணிக் கடந்துவிடுவார்கள். உண்மையில் தாள் முழுவதும் அந்த முக்கோணங்களில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. அவற்றை இந்த நாட்டில் முதன்முதலில் பெரிய அளவில் நட்டவர் வில்லியம் லாம்டன்.

லாம்டன் 1750-களில் இங்கிலாந்தில் யார்க்ஷயர் பகுதியில் எளிய உழவர் குடும்பத்தில் பிறந்தவர். கணிதத்தில் கெட்டிக்காரப் பையன் என்று ஊராரால் கவனிக்கப்பட்டு, அதன் வழியாகப் படிப்புக்கு வாய்ப்புப் பெற்றார். நம் கல்லூரியில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்திருக்கும் நாங்கள் பலரும் இந்த இடத்தில் சற்று நின்று வாசிப்போம். 1781-இல் இராணுவத்தில் சேர்ந்து வட அமெரிக்கா சென்றார். அங்கே பதின்மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் படைவீட்டு மேலாளராக, பேர் சொல்லும்படியான எதுவும் செய்யாமல் கழிந்தன. ஆனால் அந்தத் தனிமையில் அவர் பூமியின் வடிவத்தைப் பற்றிய நூல்களைப் படித்துக்கொண்டேயிருந்தார். இந்தியாவுக்கு வந்தபோது வயது நாற்பதைக் கடந்துவிட்டது. பிறர் ஓய்வைப் பற்றி நினைக்கும் வயதில்தான் அவருடைய வாழ்க்கை தொடங்கியது.

1799-இல் திப்பு சுல்தானுக்கு எதிரான போரில் அவரும் இருந்தார். ஓரிரவு படையொன்று வழி மாறி எதிரியின் பக்கமாகவே நடந்துகொண்டிருப்பதை விண்மீன்களைப் பார்த்து அவர் கண்டுசொன்னார் என்று ஒரு செய்தி உண்டு. தளபதி முதலில் நம்பவில்லையாம். போர் முடிந்ததும், தென்னிந்தியாவைக் கடற்கரைக்குக் கடற்கரை முக்கோணங்களால் அளக்கலாம் என்று லாம்டன் ஒரு திட்டம் தந்தார், அனுமதி கிடைத்தது. எதிர்ப்பும் இல்லாமலில்லை. ஸ்ரீரங்கப்பட்டணம் போக வேண்டியவர் பல்லக்குத் தூக்கிகளிடம் சொன்னால் போதாதா, வழி தெரிந்துகொள்ள இத்தனை செலவா என்று சென்னையில் நிதி பார்த்த ஒருவர் கேட்டாராம். செலவுக் கணக்கு பார்ப்பவர்கள் எக்காலத்திலும் இப்படித்தான்.

அவர் செய்த வேலையின் கணிதம் நம் பி.யு.சி. அண்ணன்மார் அன்று படித்ததும், இன்று மேல்நிலை வகுப்பில் படிப்பதும்தான். ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கத்தின் நீளமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் சைன் விதியால் மற்ற இரு பக்கங்களையும் கண்டுவிடலாம். அப்படிக் கண்ட பக்கத்தை அடிப்படையாக வைத்து அடுத்த முக்கோணம், அதிலிருந்து அடுத்தது. ஆக, நாடு முழுவதற்கும் சங்கிலி பிடிக்க வேண்டாம். ஒரே ஒரு கோட்டைப் பிழையின்றி அளந்தால் போதும். ஆனால் அந்தப் பிழையின்றி என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் கோட்டில் ஓர் அங்குலம் தவறினால் கடைசி முக்கோணத்தில் அது எவ்வளவாக வளர்ந்து நிற்கும்! போதாக்குறைக்குப் பூமி உருண்டை. அதன்மேல் வரைந்த பெரிய முக்கோணத்தின் மூன்று கோணங்களைக் கூட்டினால் 180 பாகைக்குச் சற்று மிகுதியாக வரும். அந்த மிகுதியையும் கணக்கிட்டுக் கழிக்க வேண்டும்.

1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலை அருகே அந்த முதல் கோட்டை அளக்கத் தொடங்கினார். நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. வெயிலில் எஃகு நீளும் என்பதால் அதைப் பெட்டிகளுக்குள் கிடத்தி, வெப்பமானி வைத்துப் பார்த்து, நானூறு தடவை எடுத்து வைத்தார்கள். ஏழரை மைல் தூரத்துக்கு ஐம்பத்தேழு நாட்கள் ஆயின. அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவி லண்டனிலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக் கப்பலிடம் சிக்கி மொரீஷியஸ் தீவுக்குப் போய், பிறகு மரியாதையோடு திருப்பி அனுப்பப்பட்டு வந்து சேர்ந்தது. சென்னையிலிருந்து மங்களூர் வரை அளந்து முடித்தபோது, பழைய படங்களில் ஏறத்தாழ 400 மைல் என்றிருந்த அகலம் 360 மைலாகச் சுருங்கிவிட்டது. நாற்பது மைல் நிலம் காகிதத்தில் மட்டுமே இருந்திருக்கிறது.

அடுத்துத் தெற்கு நோக்கி வந்தார். மலைப் பகுதியில் வேலை எளிது. உச்சிக்கு உச்சி தெரியும். சமவெளியில், அதுவும் பனையும் தென்னையும் அடர்ந்த நாட்டில், கோபுரங்களைத் தவிர வேறு உயரம் ஏது? 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்குக் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து அது சுவரில் மோதியது. கோணங்களைக் காட்டும் வட்டமே நெளிந்துவிட்டது. வேறொருவராயிருந்தால் மூட்டை கட்டியிருப்பார். லாம்டன் ஏறத்தாழ ஆறு வாரம் அதனோடு போராடி, அணு அணுவாக இழுத்து வட்டத்தை மீண்டும் வட்டமாக்கினார். அக்கருவி அதன் பின்னும் பல ஆண்டுகள் உழைத்தது.

1809-ஆம் ஆண்டளவில் முக்கோணங்கள் நெல்லைச் சீமையைக் கடந்து குமரிமுனைக்கு வடக்கே புன்னை என்று பதிவான இடத்துக்கு வந்து சேர்ந்தன. அதன் அகலாங்கு 8 பாகை 9 கலை 31 விகலை என்று கணக்கிடப்பட்டது. இராஜாக்கமங்கலமும் ஏறக்குறைய இதே அகலாங்கில்தான் இருக்கிறது. நேர் கிழக்கே ஒரு பேருந்துப் பயணத் தொலைவில், பூமியின் வடிவத்தையே அளக்கும் ஒரு வில்லின் தென்முனை அமைந்திருந்தது என்பதை எத்தனை பேர் அறிவோம்? ஒரு பாகை அகலாங்கின் நீளம் நிலநடுக்கோட்டருகே 110.6 கிலோமீட்டர், துருவத்தருகே 111.7. இந்தச் சிறு வேறுபாட்டைப் பிடிப்பதற்காகவே அந்த மனிதர் எங்கள் கோடி வரை வந்தார்.

ஆனால் அந்த ஆண்டு எப்படிப்பட்ட ஆண்டு என்பதையும் மறக்கக் கூடாது. அதே 1809 பிப்ரவரியில்தான் ஆங்கிலப் படை ஆரல்வாய்மொழி அரணை உடைத்துத் திருவிதாங்கூருக்குள் புகுந்தது. நம் பக்கத்துத் தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாய் அதே ஆண்டில் உயிர் நீத்தார். பிறகு 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்னும் இரண்டு படை அதிகாரிகள் திருவிதாங்கூர் முழுவதையும் ஊர் ஊராக அளந்து எழுதினார்கள். ஆளவந்தவனுக்கு வரியும் வழியும் தெரிய வேண்டியிருந்தது. லாம்டனின் உள்ளத்தில் அறிவியல் இருந்தது உண்மை. அவருக்குக் கூலி கொடுத்த கையில் வாளும் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படிப்பதே நேர்மை என்று எனக்குத் தோன்றுகிறது. குடியேற்ற ஆட்சி போன பின்னும் கடலோரத் தாள்கள் நெடுங்காலம் பொதுமக்களுக்கு எளிதில் கிடைக்கவில்லை. 2005-ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கையும் 2021-ஆம் ஆண்டின் விதிகளும் வந்த பிறகே கதவு திறந்தது.

இன்னொன்று. சென்னை அநாதை இல்லத்திலிருந்து நில அளவைப் பள்ளிக்கு வந்த ஜோஷுவா டி பென்னிங் என்னும் இளைஞர் லாம்டனிடம் பயின்று அவருக்கு வலக்கையானார். அவர் பெயர் ஏட்டில் நிற்கிறது. ஆனால் அரை டன் இரும்பைக் குன்றுகளின்மேல் சுமந்தவர்கள், கொடியோடு உச்சியில் நாட்கணக்காகக் காத்திருந்தவர்கள், காய்ச்சலில் மடிந்தவர்கள்? கோணங்கள் விகலை சுத்தமாகப் பதிவாகியிருக்கின்றன. அவர்கள் பெயர்கள் இல்லை. என் தந்தையார் தென்னை ஏறும் தொழிலாளி. உயரத்தில் நின்று தூரம் பார்ப்பது எத்தகைய வேலை என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியும்.

லாம்டன் பிறகு வடக்கே திரும்பினார். ஐதராபாத் தலைமையிடமாயிற்று. 1817-இல் லண்டன் ராயல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. 1818-இல் இப்பணி பெரும் முக்கோண அளவை என்று பெயர் பெற்றது. அவருக்கு உதவியாக ஜார்ஜ் எவரெஸ்ட் நியமிக்கப்பட்டார். எழுபதை நெருங்கிய வயதிலும் கூடாரத்தை விடாமல் நாகபுரி நோக்கிச் சென்றுகொண்டிருந்தவர், 1823 ஜனவரி 20 அன்று இன்றைய மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட் என்னும் ஊரில் இறந்து அங்கேயே அடக்கமானார். வில்லை இமயத்தின் அடிவாரம் வரை கொண்டுசேர்த்தவர் எவரெஸ்ட்; 1865-இல் உலகின் உயர்ந்த சிகரம் அவர் பெயரைப் பெற்றது. லாம்டன் பெயரில் அப்படிப்பட்ட சிகரம் எதுவும் இல்லை.

அவர் விட்டுச்சென்ற தென்பகுதி பின்னர் புதிய கருவிகளால் மீண்டும் அளக்கப்பட்டது. அதற்கென 1869-இல் குமரிமுனைப் பகுதியில் புதிதாக ஓர் அடிப்படைக் கோடு அளந்தார்கள். இம்முறை எஃகுச் சங்கிலி இல்லை. வெப்பத்தால் நீளம் மாறாதபடி இரண்டு உலோகங்களை இணைத்துச் செய்த சட்டங்கள்.