சூதின் கணக்கறிந்த கார்டானோ

நளன் சரிதம் பயின்ற மாணவர் இருதுபன்னனை மறந்திரார். தான்றி மரத்தின் காய்களை நோக்கிய மாத்திரத்திலே எண்ணிக் கூறிய அம்மன்னன் கவறாட்டத்தின் நுட்பத்தையும் அறிந்திருந்தான். அந்நுட்பத்தை அவனிடம் பெற்ற பின்னரே நளன் இழந்த நாட்டை மீட்டான். எண்ணுக்கும் சூதுக்குமுள்ள இவ்வுறவை மேனாட்டிலே நூலாக வகுக்க முற்பட்டோருள் முன்னவர் ஒருவர் உளர். எண்ணறிந்தும் அவர் தம் பொருளைக் காத்திலர். ஜெரோலமோ கார்டானோ என்னும் அவ்வறிஞரின் வரலாற்றைச் சுருக்கி ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

கார்டானோ 1501ஆம் ஆண்டு செப்டெம்பர் 24ஆம் நாள் இத்தாலி தேசத்துப் பவீயா நகரிலே பிறந்தார். தந்தையார் பாசியோ நியாயவாதி, கணிதமும் வல்லவர், ஓவியர் லியனார்டோ டா வின்சிக்கு நண்பர். பெற்றோர் முறைப்படி மணந்திலராதலின், மைந்தர் தாம் செய்யாத குற்றத்துக்குத் தாமே தண்டனை பெற்றார். பாதுவாவில் மருத்துவம் கற்றுப் பட்டம் பெற்றும், மிலான் நகர மருத்துவர் சங்கம் அவர் பிறப்பைக் காரணங்காட்டி இடங்கொடாது மறுத்தது.

தந்தையார் விட்டுச்சென்ற சிறுபொருளை மாணவப் பருவத்திலேயே கார்டானோ செலவழித்துவிட்டார். அதன்பின் கவறும் சீட்டும் சதுரங்கமும் அவருக்குச் சீவனோபாயமாயின. வெனிஸ் நகரிலே ஒருவன் அடையாளமிட்ட சீட்டுக்களால் தம்மை வஞ்சித்ததைக் கண்டு, கத்தியால் அவன் முகத்தைக் கீறிப் பணத்தையும் பறித்துக்கொண்டு ஓடியதைத் தம் சுயசரிதையிலே மறையாது எழுதியுள்ளார். 1531இல் மணம் புரிந்த பின்னரும் ஆட்டம் விட்டபாடில்லை. மனைவியின் நகைகளும் வீட்டுத் தளபாடங்களும் அடகுக்குச் சென்றன. ஈற்றில் மனைவியோடு ஏழைகள் விடுதியிலே தங்க நேர்ந்தது.

அக்காலத்து இத்தாலியில் பெருவழக்காயிருந்த சீட்டாட்டம் பிரிமேரோ. பிற்காலத்துப் போக்கர் ஆட்டத்தின் முன்னோடிகளுள் ஒன்றாக அதனைக் கொள்வர். நாற்பது சீட்டுக்களுள் ஒருவர் கைக்கு நான்கு வரும். வேண்டாததைக் கழித்து வேறு வாங்கலாம். நான்கும் ஓரினமாயின் அது சிறந்த கைகளுள் ஒன்று. மூன்று ஓரினமாயும் ஒன்று வேறாயும் உள்ள கை, ஏதுமற்ற கையினும் இடர்மிக்கது. அஃது ஆசை காட்டும். எதிரி பணயத்தை உயர்த்துமிடத்து ஈடுகொடுத்துத் தொடர்வதா, கையை மடித்து வைப்பதா?

மாணவர் விளங்குதற்பொருட்டு இதனை நாம் கணக்கிட்டுக் காட்டுவோம். நாம் காணாத சீட்டுக்கள் 36. அவற்றுள் நமக்கு வேண்டிய இனத்தன 7, வேண்டாதன 29. நடுவே 3 பொன் குவிந்திருக்க, தொடர்தற்கு 1 பொன் வேண்டுமெனக் கொள்வோம். இவ்வாறு 36 முறை ஆடின், ஏழுமுறை வென்று 21 பொன் பெறுவோம். இருபத்தொன்பது முறை தோற்று 29 பொன் இழப்போம். ஆகவே மடித்தலே முறை. நடுவே 5 பொன் இருப்பின் வரவு 35, இழப்பு 29. அப்பொழுது தொடரலாம். அதுவும் நான்காஞ் சீட்டு வந்தால் வெற்றி உறுதி என்று கொண்டாலன்றோ? எதிரி அதனினும் சிறந்த கை வைத்திருத்தலுங் கூடும். முன்னர் நாம் இட்ட பணம் இனி நம்முடையதன்று என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. அதற்காக இரங்கி மேலும் இடுபவனே முழுதும் இழப்பவன்.

இத்தகைய நிகழ்தகவுச் சிந்தனைக்கு அடிகோலியது கார்டானோவின் சூது பற்றிய இலத்தீன் நூல். இரு கவறுகள் 36 வகையாகவும், மூன்று கவறுகள் 216 வகையாகவும் விழுமென எண்ணி, வேண்டியன எத்தனை, வேண்டாதன எத்தனை என்னும் விகிதப்படியே பணயம் அமையவேண்டும் என்று அவர் காட்டினார். இடையிற் செய்த பிழைகளையும் அழியாது விட்டு, பின்னர்த் திருத்திச் செல்கின்றார். ஆடாதிருத்தலே சூதிற் பெறும் பெரிய ஊதியம் என்னுங் கருத்தும் அந்நூலிலேயே உள்ளது. அது 1663இலேயே அச்சேறியது. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1654இல், பஸ்காலும் பெர்மாவும் கடிதவாயிலாக இத்துறையை நிலைநாட்டிவிட்டனர்.

சூதில் தளர்ந்தவர் பிறவற்றில் உயர்ந்தார். பலகால் மறுத்த மருத்துவர் சங்கம் 1539இல் அவரை ஏற்றது. 1545இல் வெளிவந்த அவரது பெருநூல் முப்படி, நாற்படிச் சமன்பாடுகளின் தீர்வை உலகுக்கு அளித்தது. தாம் மறைவாகக் கூறிய முறையை வெளியிட்டார் என்று தார்த்தாலியா பகைத்தமையும் உண்மையே. 1552இல் ஸ்கொட்லாந்து சென்று, இழுப்பு நோயுற்ற பேராயர் ஹமில்ரனின் இறகு மெத்தையை நீக்குவித்து நோயைத் தணித்தார்.

1560இல் மூத்த மைந்தர், மனைவியை நஞ்சூட்டிக் கொன்ற குற்றத்துக்காகச் சிரச்சேதம் செய்யப்பட்டார். மீட்க முயன்ற தந்தைக்குக் கல்வியும் புகழும் உதவவில்லை. 1562இல் பொலோஞாவிற் பேராசிரியரானவர், 1570இல் சமய விசாரணை மன்றத்தாரால் சிறைப்பட்டார். விடுதலை பெற்று உரோமாபுரி சேர்ந்து, தம் வாழ்க்கையைத் தாமே எழுதி, 1576 செப்டெம்பரில் மறைந்தார்.

மருத்துவர் சங்கத்தின் கதவை மீளமீளத் தட்டியவரும் இவரே. மனைவியின் நகையை அடகுவைத்து ஆடியவரும் இவரே. முன்னையதில் இட்ட பணயம் தம் உழைப்பு. பின்னையதில் இட்டது இல்லாளின் பொருள். வகுப்பறையிலே விகிதங்களைக் கற்பிக்கும் நாம் இவ்விரண்டையும் ஒருங்கே நினைக்கின்றோம். எண்ண அறிதல் வேறு; எண்ணியபடி எழுந்து செல்லுதல் வேறு. முன்னையதைக் கல்லூரி கற்பிக்கும். பின்னையதை ஒவ்வொரு மாணவரும் தாமே பழகிக்கொள்ளல் வேண்டும்.